தரங்கம்பாடி பழைய வீட்டுக்கு சுண்ணாம்பா சிமெண்டா? ரெண்டையும் பண்ணிப் பாத்தாச்சு

தரங்கம்பாடியில பூட்டியே கிடந்த தாத்தா வீட்டை எடுத்து சரி பண்ணி ஆறு வருஷம் ஆச்சு. அதுல இருந்து கடலோரத்துல பழைய வீடு வச்சிருக்கவங்க யாராவது கேட்டுட்டே இருக்காங்க, இடிச்சுட்டு கான்கிரீட் போடலாமா, சிமெண்ட் பூசி ஒப்பேத்தலாமா, இல்ல சுண்ணாம்புலயே போயிடலாமான்னு. நான் சுண்ணாம்புக் கட்சி, முதல்லயே சொல்லிடுறேன். ஆனா கையில காசு தீந்து போனதால பின்கட்டுக்கு மட்டும் சிமெண்ட் பூசுனோம், அதனால ஒரே வீட்டுல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பாக்குற பாக்கியம் கிடைச்சுது.

ஊர் எப்படி காலியாச்சுன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 1620ல டேனிஷ்காரங்க கோட்டை கட்டுனாங்க, 1845ல இங்கிலீஷ்காரன்கிட்ட வித்துட்டுப் போயிட்டாங்க, வியாபாரம் நாகப்பட்டினம் பக்கம் சாஞ்சுது, மயிலாடுதுறையில இருந்து வந்துட்டு இருந்த ரயிலும் 1986ல நின்னு போச்சு. பிழைக்கப் போனவங்க வீட்டைப் பூட்டிட்டுப் போனாங்க, அவ்வளவுதான். 2004 சுனாமிக்கு அப்புறம் பழைய கட்டடங்களைப் பாதுகாக்குற இன்டாக் அமைப்பு இங்க கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட்ல சில வீடுகளை எடுத்து சீரமைச்சுது, அதைப் பாத்துதான் எங்களுக்கும் தைரியம் வந்துச்சு.

அப்படியே விட்டுடலாமேன்னு சொல்றவங்களும் இருக்காங்க. தனுஷ்கோடியில 1964 புயலுக்கு அப்புறம் அப்படித்தானே ஆச்சு, இடிஞ்ச தேவாலயத்தைப் பாக்க கூட்டம் வருது, போட்டோ எடுக்குது, இருட்டுறதுக்குள்ள கிளம்பிடுது. பாக்க நல்லாத்தான் இருக்கு, குடியிருக்கிற ஊருக்கு அது வேலைக்காகாது.

இடிச்சுட்டு கான்கிரீட் போடுறதைப் பத்தி ரொம்ப பேச ஒண்ணுமில்ல. கடலை ஒட்டி புதுசா கட்ட சி.ஆர்.இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) அனுமதி வாங்கணும், அந்த அலைச்சல் ஒரு பக்கம், அப்படியே கட்டுனாலும் உப்புக்காத்துல உள்ள இருக்க கம்பி துருப்பிடிச்சு ஊதி சீலிங்கைப் பேத்துக்கிட்டு வந்துரும். கடலோர ஊர்ல பஸ் ஸ்டாண்டு கூரையை நிமிந்து பாத்தவங்களுக்கு நான் சொல்லவே வேணாம்.

உண்மையான போட்டி சிமெண்ட் பூச்சுக்கும் சுண்ணாம்புக் காரைக்கும்தான், அதுலயும் முதல் செலவை வச்சு முடிவு பண்ணாதீங்க, பராமரிப்பை வச்சு பண்ணுங்க. பழைய வீட்டுக்கு அஸ்திவாரத்துல ஈரத்தைத் தடுக்க ஒண்ணும் கிடையாது, அதனால தரையில இருந்து ஓதம் ஏறிட்டே இருக்கும், ஏறும்போது உப்பையும் கூட்டிட்டு வரும். சுண்ணாம்புப் பூச்சுன்னா அந்த ஈரம் பூச்சு வழியாவே வெளிய போயிடும், உப்பு மேல வெள்ளையா பூக்கும், தொடப்பத்தால தட்டி விட்டா போச்சு. சிமெண்ட் போட்டா வழி அடைச்சுருது, ஈரம் இன்னும் மேல ஏறுது, உப்பு உள்ளயே செங்கல்லுக்குள்ள கட்டியாகி கல்லை உடைக்குது. நம்ம கண்ணுக்கு சுவர் கல்லு மாதிரி நிக்கும்.

எங்க பின்கட்டுல மூணாவது வருஷம் கொத்தனார் அண்ணன் கரணைக் காம்பால சுவத்தை தட்டுனார், முன்பக்கம் நங்குன்னு கேட்டுச்சு, பின்பக்கம் காலிப் பானையை தட்டுன மாதிரி டொப்புடொப்புன்னு கேட்டுச்சு. ஓரத்துல லேசா நெம்புனதும் முறம் சைஸுக்கு ஒரே பாளமா வந்துச்சு, உள்ள இருந்த செங்கல்லை கட்டை விரலால வழிக்க முடியுது, நாட்டுச் சக்கரை மாதிரி உதிருது. "தம்பி, பூச்சு போனா மறுபடி பூசிக்கலாம், கல்லு போனா எங்க போவ"ன்னார். எனக்கு அதுக்கு மேல ஆராய்ச்சி தேவைப்படல.

முன்கட்டுல ஆறு வருஷத்துல பண்ணுனது, கீழ ரெண்டடி உயரத்துக்கு பொரிஞ்ச இடத்தை சுரண்டி ஒருதடவை ஒட்டுப் போட்டோம், வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிறோம்.

சுண்ணாம்புல கஷ்டமே இல்லன்னு சொல்ல மாட்டேன். எங்களுக்கு பூச்சுக் கூலி மட்டுமே சிமெண்ட்டை விட ரெண்டு மடங்கு கிட்ட ஆச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்பை தண்ணி விட்டு நீத்து, சலிச்சு, கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணி ஊத்தி அரைச்சு (அந்த புளிச்ச வாடை தெருமுனை வரைக்கும் வந்துச்சு, எதிர்வீட்டு அக்கா சாராயம் காச்சுறீங்களான்னே கேட்டுட்டாங்க), ஒரு கோட்டு காஞ்சு அடுத்தது போடுறதுக்குள்ள பொறுமை போயிடும். ஐப்பசி கார்த்திகையில கை வைக்கவே கூடாது. ரெண்டு மூணு காண்ட்ராக்டர் பாத்துட்டு இதெல்லாம் இப்ப யாரு சார் பண்றாங்கன்னு போயிட்டாங்க, ஒருத்தர் சுண்ணாம்புன்னு சொல்லிட்டு பாதி சிமெண்ட்டை கலந்து வச்சிருந்தார், அதைப் பாத்துட்டு அன்னைக்கே கணக்கு முடிச்சோம்.

திண்ணை விஷயத்துல மட்டும் வீட்டுல சண்டை. அம்மா கிரில் போடச் சொன்னாங்க, பாதுகாப்புன்னு. நான் மாட்டேன்னுட்டேன். இப்ப காலையில மீன்காரம்மா கூடையை இறக்கி வச்சு அங்கதான் மூச்சு வாங்குது, சாயங்காலம் டியூஷன் முடிஞ்ச பசங்க உக்காந்து கத்துதுங்க. கோட்டை முன்னாடி மைதானத்துக்கு வர்ற கூட்டம் வெளியூர், அது ஞாயித்துக்கிழமை கூட்டம். தெரு திரும்ப தெருவா ஆனது திறந்து கிடக்குற திண்ணையாலதான், அம்மாவும் இப்ப அதுலதான் உக்காந்து கீரை ஆயுறாங்க, கிரில் பேச்சு நின்னுருச்சு.

பெரிய புயல் நேரா அடிச்சா இந்தக் கூரை என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது, இன்னும் அப்படி ஒண்ணை பாக்கல. வித்தா என்ன விலை போகும்னும் கேக்காதீங்க, விக்கிற எண்ணம் வரல. ஹோட்டலா மாத்துற ஐடியா இருந்தா கணக்கே வேற, இந்த ஊர்ல இருக்க பங்களா ஆன் தி பீச் ஹோட்டல் மாதிரி இடத்துல ரூம் வாடகை வருது, எங்க வீட்டுக்கு எங்க சம்பளம்தான்.

இந்தத் தை முடிஞ்சதும் பின்கட்டு சிமெண்ட்டை மொத்தமா உரிக்கப் போறோம். கொத்தனார் அண்ணனுக்கு போன் போட்டேன், எழுபது தாண்டிருச்சு அவருக்கு, மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனி. வரேன்னு சொல்லியிருக்கார். வரும்போது கத்துக்கிற மாதிரி ஒரு பையனையும் கூட்டிட்டு வாங்கண்ணே, அவனுக்கும் சேத்து கூலி குடுத்துடுறேன்னு சொல்லி வச்சிருக்கேன்.