மொட்டை மாடிக்கு ஒரு 8×42 பைனாகுலர்

வேளச்சேரியில் குடியிருந்துகொண்டு காலை எட்டரை மணிக்குள் அலுவலகத்துக்குக் கிளம்பியாக வேண்டிய எனக்கு, வேடந்தாங்கலுக்குப் போக ஆண்டில் ஒரு நாள் வாய்ப்பதே அரிது. ஆகவே, மொட்டை மாடியிலேயே தினமும் பதினைந்து நிமிடம் பறவைகளைப் பார்ப்பது என்று முடிவு செய்து, சென்ற மார்கழியில் பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் 8×42 பைனாகுலர் ஒன்றை வாங்கினேன். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணினாலே போதும் என்று சொல்லப்பட்டதுதான் இதற்குத் தூண்டுதல்.

இதில் 8 என்பது உருப்பெருக்கம். 42 என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். கடையில் 10×50 வகையையும் எடுத்துக் காட்டினார்கள். உருவம் பெரிதாகத் தெரியும்போது கையின் நடுக்கமும் கூடவே பெரிதாகிறது. பார்வைப் பரப்பும் பொதுவாகக் குறுகுவதால், கிளைக்குக் கிளை தாவும் தேன்சிட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் அது போய்விடுகிறது. 8×42இல் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான அகலத்தில் ஒளி கண்ணை வந்தடைவதால், வெயில் ஏறுமுன் இலைநிழலில் இருப்பதும் நன்றாகத் தெரிகிறது. காலையில் மட்டுமே நேரம் கிடைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அளவு இல்லை என்பது என் கருத்து.

பக்கத்து மனையில் ஒரு வேப்பமரம் உண்டு. அதிலிருந்து கன்னான் செம்பு தட்டுவதுபோல் வரும் "டொக், டொக்" என்ற ஓசையைப் பல ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறேன். ஓசைக்கு உரிய செம்மார்புக் குக்குறுவானை, அதன் சிவந்த நெற்றியையும் கண்ணைச் சுற்றிய மஞ்சளையும், மாசி மாதக் காலை ஒன்றில்தான் முதன்முதலாகக் கண்டேன். உச்சிக்கிளையில் இளவெயில் காய்ந்துகொண்டிருந்த அதைப் பார்த்தபடி நின்றதில், அன்று மட்டும் பதினைந்து நிமிடம் அரை மணியாகிவிட்டது. வெறுங்கண்ணுக்குப் பழுப்பாகவே தெரியும் தவிட்டுக்குருவிக்கு அவ்வளவு வெளிறிய கண்கள் என்பதையும் இதன் வழியேதான் அறிந்தேன். இரண்டு மீட்டர் அருகில் இருப்பதும் தெளிவாகத் தெரிவதால், தொட்டியிலுள்ள இட்லிப்பூவில் அமரும் வண்ணத்துப்பூச்சியையும் பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. எடை எழுநூறு கிராமை நெருங்குவதால், உடன் தந்த மெல்லிய வார் கழுத்தை அறுக்கிறது. அகலமான வார் தனியே வாங்க வேண்டியிருந்தது. முன்வில்லையின் மூடி அடிக்கடி கழன்று விழுகிறது. கண்ணாடி அணிபவர்கள், கண் வைத்துப் பார்க்கும் பக்கத்திலுள்ள வளையத்தை உட்புறம் திருகி வைத்துக்கொண்டால்தான் முழுக் காட்சியும் தெரியும். சென்னையின் ஈரக்காற்றில் வில்லைக்குள் பூஞ்சை பிடிக்கும் அபாயம் இருப்பதால், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடிய டப்பாவில் வைக்கிறேன். எந்த நிலையிலும் இதன் வழியே சூரியனைப் பார்க்கக் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சில வாரங்களாக அம்மாவும் காபித் தம்ளரோடு மாடிக்கு வந்து, என் கையிலிருந்து இதை வாங்கித் தம் பங்குக்குப் பார்க்கிறார். பொங்கலுக்குள் இன்னொன்று வாங்க வேண்டும். அதுவும் இதே அளவில்தான்.