ஜாப் ஒர்க்கா, சொந்தச் சரக்கா: திருப்பூர்ச் சிறு முதலாளிக்கு எது பொருந்தும்?

திருப்பூரில் பத்து இருபது தையல் மெஷின்களோடு பனியன் தொழில் நடத்துகிறவர், பிறர் வெட்டித் தரும் துணியைத் தைத்துக் கூலி வாங்கும் பவர் டேபிள் யூனிட்டாகவே, அதாவது ஜாப் ஒர்க்கிலேயே தொடர்வதா, அல்லது நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கட்டுவது வரை தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு சொந்தப் பெயரில் விற்பதா என்ற கேள்விக்கு ஒரு கட்டத்தில் வந்து நிற்கிறார். நான் முன்னதிலிருந்து பின்னதற்குப் படிப்படியாக மாறிவருகிறவன். ஆகவே என் சாய்வு சொந்தச் சரக்கின் பக்கம்தான். அதிலும் உள்நாட்டுச் சந்தைக்கான, வகை குறைந்த சரக்கின் பக்கம்.

ஜாப் ஒர்க்கின் வசதிகள் எல்லோரும் அறிந்தவை. முதலீடு ஓவர்லாக், பிளாட்லாக் போன்ற தையல் மெஷின்களோடு நின்றுவிடும். துணி, வேலை தரும் நிறுவனமான பார்ட்டியுடையது, விற்காமல் தேங்கினால் அந்தக் கவலையும் அவருடையதே. ஒரு உருப்படிக்கு இவ்வளவு கூலி என்ற பீஸ் ரேட்டை அவர் தீர்மானிப்பார் என்பதும், அவருக்கு ஆர்டர் குறைந்தால் முதலில் காலியாவது நம் டேபிள்தான் என்பதும் மறுபக்கம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியதைப் போன்ற ஒரு முடிவு, அந்த நாட்டுக்கு ஒரு பீஸ்கூட நேரடியாக விற்றிராத தையல் யூனிட்டின் சனிக்கிழமைச் சம்பளத்தைப் பாதிக்கக்கூடும்.

தொழில்முனைவு மனப்பான்மை என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுவது துணிச்சலையும் கனவையும் பற்றியதாகவே பெரும்பாலும் இருக்கிறது. என் பார்வையில், ஒரு சிறு முதலாளியின் புத்தியை மாற்றுவது, கையை விட்டுப் போன பணம் எத்தனை நாள் கழித்துத் திரும்புகிறது என்ற ஒரே கணக்குதான். ஜாப் ஒர்க்கில் இந்தக் கணக்கு எளிது. வாரச் சம்பளம், மின்கட்டணம், வாடகை ஆகியவை வெளியே போகின்றன. பில் பணம் ஒரு மாதத்திலோ ஒன்றரை மாதத்திலோ வருகிறது. வெளியே நிற்பது கூலித் தொகை மட்டுமே என்பதால் பத்து நாள் தாமதத்தை எப்படியோ சமாளித்துவிடலாம். அந்தச் சமாளிப்பே பழக்கமாகி, கணக்குப் பார்க்கும் தேவையே எழாமல் போய்விடுகிறது.

சொந்தச் சரக்கில் அது நடக்காது. நூலுக்கு ரொக்கமோ குறுகிய தவணையோ கொடுத்தாக வேண்டும். அது நிட்டிங் (துணி பின்னுதல்), சாயம், காம்பாக்டிங் (துணி சுருங்காமல் பதப்படுத்துதல்), கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று சுற்றி வந்து பெட்டியாவதற்குள் ஒரு மாதம் போய்விடும். கடைக்காரர் கேட்கும் தவணை 60 நாளிலிருந்து 90 நாள் வரை. தீபாவளிக்காக ஆகஸ்டில் அனுப்பிய சரக்குக்குத் தீபாவளி முடிந்து கடையில் கணக்குப் பார்த்த பிறகே பணம் வரும். இதனிடையே, மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர், பில் போட்ட சரக்குக்கான வரியைக் கடைக்காரர் பணம் தந்தாலும் தராவிட்டாலும் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். நூல் முதலியவை வாங்கியபோது கட்டிய உள்ளீட்டு வரியைக் கழித்த பிறகு அந்தத் தொகை சிறியதுதான் என்றாலும், அதுவும் நம் கையிலிருந்தே முன்கூட்டிப் போகிறது.

வங்கிகள் இதை எப்படிப் பார்க்கின்றன என்பதை அறிந்தால் நிலைமை தெளிவாகும். சிறு தொழில்களுக்கு ஐந்து கோடி ரூபாய் வரையிலான நடைமுறை மூலதனக் கடனை, அதாவது அன்றாடத் தொழில் ஓட்டத்துக்கான கடனை, ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் பரிந்துரையிலிருந்து வந்த விற்பனை அடிப்படையிலான முறையில் கணக்கிடுவது வழக்கம். ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனமாகத் தேவைப்படும் என்று கொண்டு, 20 சதவீதத்தை வங்கி தருகிறது. 5 சதவீதம் நம்முடையது. பணம் ஆண்டுக்கு நான்கு முறை, அதாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பிவிடும் என்ற அனுமானம் இதற்குள் இருக்கிறது. ஒரு கோடி விற்பனைக்கு 25 லட்சம் என்பது அதன்படி சரி. ஆனால் பணம் வெளியே போய்த் திரும்பும் நம் சுற்று 150 நாளாக நீண்டால், தோராயமாகத் தேவைப்படுவது 41 லட்சம். குறையும் 16 லட்சம் கைமாற்றாகவோ வெளிவட்டியாகவோ வரும்போது, பீஸுக்கு நின்ற லாபம் வட்டிக்கே போய்விடுகிறது. நல்ல தரத்தில் தைத்து, நல்ல விலைக்கு விற்று, ஆர்டரும் குறையாமல் இருந்தும் நொடித்துப் போகும் யூனிட்டுகளை இந்தக் கணக்கைக் கொண்டுதான் விளங்கிக்கொள்ள முடியும்.

அப்படியிருந்தும் சொந்தச் சரக்கை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், சுற்றின் நீளத்தைக் குறைக்கும் வழிகளில் பாதியாவது அதில் நம் கையில் இருக்கின்றன என்பதே. ஐந்து ஸ்டைல், ஐந்து சைஸ், ஆறு நிறம் என்று தொடங்குகிறவர் 150 வகைச் சரக்கை வைத்திருக்கிறார். ஒரே நூல் எண்ணில் (நூலின் தடிமன் அளவில்) இரண்டு ஸ்டைல், ஐந்து சைஸ், மூன்று நிறம் என்று தொடங்குகிறவரிடம் இருப்பவை 30 மட்டுமே. முன்னவரிடம் ஓடும் சைஸ் தீர்ந்து ஓடாத சைஸ் மிஞ்சும். செட் உடைந்த அந்தச் சரக்கு கடைசியில் திருப்பூரின் மொத்தச் சந்தையான காதர்பேட்டையில் கிடைத்த விலைக்குத்தான் போகும். பின்னவர் எந்த சைஸ் எந்த ஊரில் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு அடுத்த கட்டிங்கைப் போடலாம். கடைக்காரரிடம் ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்கு ஒரு விலை என்று பேசலாம். பழைய பாக்கி வராத கடைக்குப் புதிய பெட்டியை நிறுத்தலாம். ஜாப் ஒர்க்கில் பார்ட்டியிடம் இப்படிப் பேசினால் அடுத்த கட்டு பக்கத்துத் தெரு யூனிட்டுக்குப் போய்விடும்.

சட்டம் மட்டும் இந்த இடத்தில் ஜாப் ஒர்க் செய்பவரின் பக்கம் சற்றுக் கூடுதலாக நிற்கிறது. உத்யம் என்ற மத்திய அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லையேல் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்ற விதி 2023இல் வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஜாப் ஒர்க் தருகிற, முறையாகக் கணக்கு எழுதி வரி கட்டும் ஏற்றுமதி நிறுவனத்துக்கு இது உறைக்கும். செலவுக் கணக்கு காட்டாமல், விற்பனையில் ஒரு பங்கை வருமானமாகக் கொள்ளும் அனுமான அடிப்படையில் வரி கட்டும் சிறு ஊர் ஜவுளிக்கடைக்கு இதனால் எந்த அழுத்தமும் இல்லை. ஆகவே சொந்தச் சரக்குக்காரர் சட்டத்தைவிடத் தம் வசூல் நோட்டையே நம்ப வேண்டியிருக்கிறது.

நேரடி ஏற்றுமதியைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. ஆன்லைன் விற்பனையை ஓரளவே செய்து பார்த்திருக்கிறேன். பணம் விரைவில் வருகிறது, ஆனால் திரும்பி வரும் பார்சல்களின் செலவு குழந்தைகள் உடையில் ஒரு மாதிரியும் உள்ளாடையில் வேறு மாதிரியும் இருப்பதால், அதைப் பொது விதியாக்க என் அனுபவம் போதாது.

மெஷின் கடனே இன்னும் பாதிக்கு மேல் நிற்கும் யூனிட்காரர் இப்போதைக்கு ஜாப் ஒர்க்கிலேயே இருக்கலாம். கடன் அடைந்தவர்களுக்கும் எல்லா டேபிளையும் ஒரே நாளில் மாற்றும்படி நான் சொல்ல மாட்டேன். மூன்றில் ஒரு பங்கு மெஷினில் சொந்தச் சரக்கை ஓட்டி, மற்றவற்றின் கூலி வருமானத்தால் வாரச் சம்பளத்தைக் கொடுத்துவருவதே இப்போதும் என் ஏற்பாடு. அந்தப் பங்கை உயர்த்துவதா என்பதை ஒவ்வொரு தீபாவளி வசூலும் முடிந்த பிறகு, விற்ற தொகையைப் பார்த்து அல்ல, 90 நாளைத் தாண்டி நிற்கும் பாக்கியைப் பார்த்தே தீர்மானிக்கிறேன்.