இலவச சட்ட உதவி மையம்: தம்பிக்காகப் போன அனுபவம்

சிறைப் பட்டறையில் தம்பிக்கு இரண்டு விரல் போய்விட்டது. அரசிடம் நஷ்டஈடு கேட்டு, நாங்கள் குடியிருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே ஒரு வக்கீல் வழக்குப் போட்டார். பதினோரு மாதம் இழுத்து, கடைசியில் இந்த நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு இல்லை என்று மனு திரும்பி வந்தது. அம்மா அன்று சாப்பிடவே இல்லை.

அப்புறம்தான் இலவச சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் செய்து, மாவட்ட சட்ட உதவி மையத்துக்குப் போனோம். அங்கிருந்த வக்கீலம்மா வழக்குக் கட்டைத் தாள் தாளாகப் புரட்டி, கோர்ட் சீலில் இருந்த தேதிமேல் விரல் வைத்து, "காயம் பட்ட இடத்துக் கோர்ட்டில் போட்டிருக்கணும்மா, ஆனா வழக்கு செத்துப் போகலை" என்றார். தவறான கோர்ட்டில் நல்லெண்ணத்தோடு செலவான காலத்தை, வழக்குப் போடுவதற்கான கெடுக் கணக்கில் சேர்க்காமல், காலவரம்புச் சட்டம் 14-ஆம் பிரிவின்படி கழிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. வழக்குப் போடும் முன் அரசுக்குக் கொடுக்க வேண்டிய இரண்டு மாத நோட்டீஸ் போயிருக்கிறதா என்றும் தேடிப் பார்த்தார்.

ஒரு பைசா வாங்கவில்லை. காவலில் இருப்பவர்களுக்கு 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டமே இந்த உரிமையைத் தருகிறது, வருமானச் சான்று தேவையில்லை. கூட்டம்தான் அதிகம், மூன்று மணி நேரம் நின்றோம். போகிறவர்கள் கைதி எண்ணையும், திரும்பி வந்த மனுவின் அசலையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.