கர்ப்பிணிக்கு எந்த ஊசி: டிடியா, டிடாப்பா?

டிடி (Td) ஊசி ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டையும் தடுக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கர்ப்பம் உறுதியானதும் 0.5 மி.லி. மேற்கைத் தசையில் முதல் ஊசி. 4 வாரம் கழித்து இரண்டாவது. முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டு 3 ஆண்டுக்குள் மீண்டும் கருவுற்றால் ஒரே ஊசி போதும். இங்கேதான் சிக்கல்: தாய் சேய் நல அட்டை தொலைந்துபோனால் கணக்கும் போய்விடும். பிறந்த வீட்டுக்குப் போகும்போது அட்டை பையில் இருக்கட்டும்.

டிடாப் (Tdap) கூடுதலாகக் கக்குவான் இருமலையும் தடுக்கும். பெரும்பாலும் தனியாரில், காசு கொடுத்துத்தான். கக்குவான் உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி குழந்தைக்கு முதலில் போடப்படுவது 6-வது வாரத்தில்தான். அதுவரை கக்குவானுக்கு எதிராகத் தாயிடமிருந்து வரும் எதிர்ப்புப்பொருள்தான் துணை. அது உருவாகி நஞ்சுக்கொடி வழியே சேர இரண்டு வாரமாவது வேண்டும். அதனால் டிடாப்பைக் கர்ப்பத்தின் 27 முதல் 36 வாரத்துக்குள், முடிந்தவரை முன்னதாகப் போட வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு போட்டால் அந்தப் பலன் குழந்தைக்குக் கிட்டாது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் போட வேண்டும்.

இரண்டிலும் உயிருள்ள கிருமி இல்லை, பாலூட்டும்போதும் போடலாம். கை வலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாளில் அடங்கும்.

வசதி இருந்தால் முதலில் டிடி, இரண்டாவதற்குப் பதில் டிடாப் என்பதே எங்கள் பரிந்துரை. வசதி இல்லையென்றால் டிடி இரண்டையும் தவறவிடாதீர்கள். டிடாப்புக்காகக் காத்திருந்து முதல் ஊசியைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு.