கிரிக்கெட் 07 முதல் ரெசிடென்ட் ஈவில் 4 வரை: பழசு எங்கே நிற்கிறது, புதுசு எங்கே ஜெயிக்கிறது

பழைய வீடியோ கேம் ஒன்றைப் புதுப்பித்து வெளியிட்டால் போதும், எங்கள் ஜமாவில் அன்றைக்கே இரண்டு கட்சி பிரிந்துவிடும். மேலூரில் இருக்கும் சித்தப்பா பையன் எப்போதும் புதுசு பக்கம். நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான், அதற்கு வேலை கொடுக்க வேண்டும் என்பான். திருமங்கலத்து மாமா பழசு பக்கம். ப்ரௌசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆடிய தலைமுறை அவர். நான் மதுரை திருநகரில் இருந்துகொண்டு இரண்டையும் மாற்றி மாற்றி ஆடிப் பார்க்கிறவன்.

அப்படி ஆடியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்று உண்டு. புதுப் பதிப்பு செய்கிறவர்கள் பழைய ஆட்டத்திலிருந்து எதையாவது எடுக்கத்தான் செய்வார்கள். எடுத்தது வெறும் சலிப்பாக இருந்தால் ஆட்டம் மேலே போகிறது. ஆட்டத்துக்கு உயிராக இருந்த சிரமத்தையே எடுத்துவிட்டால், படம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கை திரும்பவும் பழசைத்தான் தேடும். கீழே ஒவ்வொரு ஜோடியையும் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன்.

முதலில் கிரிக்கெட். இஏ ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட் 07 வெளிவந்தது 2006 கடைசியில். அதற்குப் பிறகு அந்த நிறுவனம் கம்ப்யூட்டருக்கு வேறு கிரிக்கெட் கேம் கொண்டுவரவே இல்லை. ஆனாலும் நம் பக்கம் இந்த ஆட்டம் சாகாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. 2011-ல் தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. தனி கிராபிக்ஸ் கார்டு எதுவும் இல்லாத அந்த மடிக்கணினியில் கிரிக்கெட் 07 தாராளமாக ஓடியது. பென் டிரைவில் ஒருவர் கொண்டுவந்தால் தெருவுக்கே போய்ச் சேர்ந்துவிடும். 2012-ல் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டபோது பேட்டரி தீரும்வரை ஆடக் கிடைத்ததும் இதுதான். டிவி இல்லை, ஃபேன் இல்லை, ஆனால் ஐந்து ஓவர் மேட்ச் உண்டு.

ஆட்டமாகப் பார்த்தால் அதில் ஓட்டைகள் நிறைய. பந்து எங்கே விழப்போகிறது என்று தரையில் குறி தெரிந்துவிடும். இறங்கி வந்து தூக்கி அடிக்கும் வித்தை ஒருமுறை கைவந்துவிட்டால், எந்தப் பௌலர் வந்தாலும் சிக்ஸர்தான். ஃபீல்டர்கள் சில சமயம் பந்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். ஆனால் ஒரு மேட்ச் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒருவர் கீபோர்டு, இன்னொருவர் யூஎஸ்பி ஜாய்ஸ்டிக் என்று பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் கொடுக்கலாம். வர்ணனையில் ரிச்சி பெனோவின் குரல் வேறு. 2015-ல் மறைந்த அந்த மனிதர் இன்னும் எங்கள் வீட்டு மாடியில் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இன்னொரு பக்கம் கிரிக்கெட் 24. மெல்போர்னில் இருக்கும் பிக் ஆன்ட் ஸ்டுடியோஸ் 2023 அக்டோபரில் வெளியிட்டது. 2014-ல் வந்த டான் பிராட்மன் கிரிக்கெட்டிலிருந்தே இவர்கள் பிடித்துக்கொண்டு வரும் வழி ஒன்று இருக்கிறது. கன்ட்ரோலரில் ஒரு ஸ்டிக் காலுக்கு, இன்னொன்று மட்டைக்கு. முன்கால் வைப்பதா, பின்கால் போவதா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். உதவிக் குறிகளை அணைத்துவிட்டு, கடினநிலையையும் ஏற்றி ஆடிப் பாருங்கள். பௌலரின் கையைக் கவனித்தால்தான் உண்டு. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விட்டுவிடுவது என்ற ஒன்று கிரிக்கெட் 07-ல் யாருக்கும் தோன்றாது. இங்கே அதுதான் முதல் பாடம். மேலூர்த் தம்பி டெஸ்ட் மேட்ச் ஒன்றில் ரன்னே எடுக்காமல் ஒரு முழு ஓவரை விட்டுத் தள்ளிவிட்டு, சதம் அடித்தவன் போலத் துள்ளினான். சிரமத்தைக் கூட்டி ஆட்டத்தை உயர்த்திய புதுசு இது.

குறையும் உண்டு. இந்திய அணிக்கான அதிகாரபூர்வ உரிமம் இதிலும் இல்லை. கிரிக்கெட் 07-லும் நம் ஆட்களின் பெயர்களைத் திரித்துத்தான் போட்டிருந்தார்கள். இடையில் பதினாறு பதினேழு வருடம் ஓடிய பிறகும் இந்த விஷயத்தில் நாம் நின்ற இடத்திலேயே நிற்பது உண்மையிலேயே வருத்தம். இரண்டிலும் அந்தப் பள்ளத்தை நிரப்புகிறவர்கள் ரசிகர்கள்தான். 07-க்கு இன்றுவரை புது அணி, புது ஜெர்சி, புது முகம் என்று பேட்ச் செய்து தருகிறார்கள். 24-ல் மற்றவர்கள் உருவாக்கிய வீரர்களையும் அணிகளையும் ஆட்டத்துக்குள்ளேயே இறக்கிக்கொள்ளலாம். சம்பளம் வாங்காமல் இரவு கண்விழித்து ஒரு ஜெர்சியின் நிறத்தைச் சரிசெய்கிறவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

அப்புறம் செல்போன் பக்கம். சென்னை நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியாவின் வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப் 3-ல் தமிழ் வர்ணனையும் உண்டு. பஸ்ஸில் போகும்போது நன்றாகவே இருக்கிறது. அதிக நேரம் உட்கார்ந்து ஆடினால், ஆட்டத்தைவிட, காசு கொடுத்துப் பொருள் வாங்கச் சொல்லும் கடைப் பக்கம்தான் அடிக்கடி கண்ணில் படுகிறது. இந்த இரண்டோடும் நான் அதைச் சேர்ப்பதில்லை.

என் முடிவு: நாலு பேர் கூடினால் 07. தனியாக ஆடுவதென்றால் 24, ஆனால் கன்ட்ரோலர் கட்டாயம். கீபோர்டில் 24 ஆடிவிட்டு நன்றாக இல்லை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

அடுத்தது, ஊர் கட்டி ஆள் சேர்த்துப் படை நடத்தும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. இதில் என் மனதில் சந்தேகமே கிடையாது, புதுசுதான். 1999-ல் வந்த முதல் பதிப்பு பெரிய ஆட்டம், மறுக்கவில்லை. ஆனால் அதில் பாதி நேரம் வயலுக்கே போய்விடும். ஒரு வயலுக்கு 60 மரம் செலவு. அதில் விளைச்சல் தீர்ந்தால் ஆள் சும்மா நிற்பான். நீங்கள் எல்லையில் சண்டையில் இருப்பீர்கள். அங்கிருந்து ஊருக்கு ஓடிவந்து அந்த ஒரு வயலைத் தேடிப் பிடித்து மறுபடி விதைக்க வேண்டும். திரும்பிப் போவதற்குள் எல்லையில் ஆள் இருக்க மாட்டான். மரக்கிடங்கு கட்டச் சொன்னால் கட்டிவிட்டுப் பக்கத்து மரத்தை வெட்டாமல் நிற்பான். 2000-ல் வந்த கான்கரர்ஸ் விரிவாக்கம் இதில் கொஞ்சம் சரிசெய்தது. கட்டி முடித்த ஆள் தானாக வேலைக்குப் போனான், ஆலையில் மரத்தை முன்கூட்டியே செலுத்தி அடுத்தடுத்த வயலுக்கு வரிசை போட்டுவைக்கலாம்.

2019-ல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப் பதிப்பில் ஒரு பொத்தானைத் தட்டினால் வயல் தன்னைத்தானே விதைத்துக்கொள்ளும். எந்தக் கட்டடத்தில் என்ன தயாராகிறது என்பது திரையின் மூலையிலேயே தெரியும். மாமா முதலில் முறைத்தார். "எல்லாத்தையும் அதுவே செஞ்சா நீ எதுக்குடா?" என்றார். எதிராளியும் அதே வசதியோடுதான் வருகிறான் என்பதை நாலைந்து ஆட்டம் தோற்ற பிறகு அவரே ஒத்துக்கொண்டார். வயலில் மிச்சமான கவனம் முழுக்கச் சண்டைக்குப் போகிறது. ஈட்டிக்காரனை யாருக்கு எதிரே நிறுத்துவது, எப்போது பின்வாங்குவது என்ற கேள்விகள் கூர்மையாகிவிட்டன. சலிப்பு போயிற்று, சிரமம் அப்படியே இருக்கிறது. புதுப்பிப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

நமக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா விரிவாக்கத்தில் திராவிடர்கள் தனி நாகரிகமாக வந்தார்கள். அதற்கு முன்னால் இந்தியா முழுவதையும் ஒரே அணியாகக் கட்டி வைத்திருந்தார்கள். இப்போது சுருள்வாள் சுழற்றும் காலாள் இருக்கிறான், திரிசடை என்ற பெரிய போர்க்கப்பல் இருக்கிறது, ஆட்கள் தமிழில் பதில் சொல்கிறார்கள். ஒவ்வொரு யுகம் தாண்டும்போதும் 200 மரம் இனாமாக வருகிறது, அதை வைத்துத் துறைமுகம் கட்டிக் கடலைப் பிடிப்பதுதான் இந்த அணியின் வழி. எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்தாமல் வெட்டும் தொழில்நுட்பத்துக்கு நம் ஊர் உருக்கின் பெயரையே வைத்திருக்கிறார்கள். குதிரைப்படை மட்டும் சோப்ளாங்கி. நிலம் மட்டுமே உள்ள மேப்பில் இந்த அணியோடு மாட்டிக்கொண்டால் கஷ்டம்தான்.

கதைப் பகுதியில் ராஜேந்திர சோழனின் படையெடுப்புகள் வருகின்றன. "பாண்டியன் ஊர்ல உக்காந்துக்கிட்டு சோழனுக்குக் கப்பல் கட்டச் சொல்றியேடா" என்று மாமா ஆரம்பத்தில் முறுக்கினார். பிறகு அவர்தான் முதலில் முடித்தார். சோழர், பாண்டியர், சேரர், விஜயநகரம் எல்லாவற்றையும் ஒரே பெயருக்குள் அடக்கியது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இருந்தாலும், சின்ன வயதில் பிரிட்டன்களையும் பிராங்குகளையும் வைத்தே ஆடி வளர்ந்த ஒருவனுக்குத் தன் மொழியில் ஒரு சிப்பாய் பதில் சொல்வதைக் கேட்பது சாதாரண விஷயம் இல்லை.

இதே வரிசையில் 2021-ல் ரெலிக் செய்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4 இருக்கிறது. கல் மதில்மேல் வீரர்களை ஏற்றி நிறுத்தலாம், காட்டுக்குள் படையை ஒளித்து வைக்கலாம். டெல்லி சுல்தானியத்துக்கு ஆராய்ச்சிகள் செலவில்லாமல் கிடைக்கும், ஆனால் மெதுவாக நடக்கும். மசூதியில் அறிஞர்களை உட்கார வைத்தால் வேகம் கூடும். நல்ல யோசனை, ரசித்து ஆடினேன். 1311-ல் மாலிக் காபூர் இந்த மதுரை வரைக்கும் படை கொண்டுவந்த வரலாறு தெரிந்தவனுக்கு, டெல்லி யானைகளை நடத்திப் போகும்போது மனதுக்குள் ஏதோ செய்யும். ஆனாலும் சண்டை நெருங்கும்போது எது எந்தப் படை என்று பிரித்துப் பார்ப்பது இரண்டாம் பாகத்தில்தான் எனக்கு எளிது. புதிதாக வருகிறவர்களுக்கு நான்காம் பாகம் சீக்கிரம் பிடிபடும். நீண்ட நாள் ஆட நினைப்பவர்கள் இரண்டுக்குப் போங்கள், அதுவும் டெஃபினிட்டிவ் எடிஷனுக்கு.

ஜிடிஏ வரிசையில் வந்த வைஸ் சிட்டியை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். 2002-ல் வந்த ஆட்டத்தை 2021-ல் மூன்று ஆட்டங்கள் கொண்ட தொகுப்பாகப் புதுப்பித்தபோது, மழை பெய்தால் சாலையே தெரியவில்லை, முகங்கள் மெழுகு பூசியது போல இருந்தன. ராக்ஸ்டார் நிறுவனமே வருத்தம் தெரிவித்துப் பழைய பதிப்புகளைத் திரும்ப விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2024 நவம்பர் அப்டேட்டில் வெளிச்சமெல்லாம் தேறியிருக்கிறது. இருந்தும் பழைய சிடி வைத்திருப்பவர்கள் அதையே ஆடுங்கள்.

கடைசி ஜோடி ரெசிடென்ட் ஈவில் 4 என்ற திகில் ஆட்டம். எங்களுக்குள் தீராத சண்டை இதில்தான். 2005-ல் வந்த ஒரிஜினலில், நாம் ஆடும் நாயகன் லியோன் துப்பாக்கியை நீட்டினால் கால் நகராது. நடக்கலாம் அல்லது சுடலாம், இரண்டும் சேர்ந்து கிடையாது. ஆரம்பத்திலேயே வரும் அந்தக் கிராமத்துச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்குள் ஓடி, அலமாரியைத் தள்ளி ஜன்னலை அடைத்துவிட்டு, மாடிக்குப் போய்ச் சுவரில் இருக்கும் ஷாட்கன்னை எடுக்கிறோம். வெளியே ஏணி சாத்துகிறார்கள். அதை எட்டி உதைத்துத் தள்ளினால் இன்னொரு பக்கம் ஏறுகிறார்கள். எங்கிருந்தோ ரம்பச் சத்தம். ஒருத்தனைக் குறிபார்க்கும் நேரத்தில் முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார் என்று தெரியாது, நகரவும் முடியாது. சர்ச் மணி அடித்து எல்லாரும் கலைந்து போகும்வரை மூச்சு விட முடியாது. அந்தப் பயம் முழுக்க, நகர முடியாத அந்தக் காலிலிருந்துதான் வருகிறது.

2023 மார்ச்சில் வந்த ரீமேக்கில் லியோன் நடந்துகொண்டே சுடுவான், குனிந்து பதுங்குவான், சரியான நொடியில் கத்தியை நீட்டினால் ரம்பத்தையே தடுப்பான். இதைக் கேட்டதும் மாமா ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நடந்துகொண்டு சுட்டால் குறி விரிந்து போகிறது, நின்று சுட்டால் சுருங்குகிறது. தடுக்கத் தடுக்கக் கத்தி தேய்ந்து உடைகிறது. சரிசெய்ய வியாபாரியிடம் காசு கொடுக்க வேண்டும். எதிரிகளும் வேகமாக, கூட்டமாக வருகிறார்கள். பழைய சிரமத்தை எடுத்த இடத்தில் வேறு ஒரு சிரமத்தை வைத்திருக்கிறார்கள். லியோன் காப்பாற்ற வேண்டிய பெண்ணான ஆஷ்லியின் உயிர்க்கோட்டை எடுத்துவிட்டது நல்ல முடிவு. திடீர் திடீரென்று பொத்தானை அமுக்கச் சொல்லும் காட்சிகள் போனதும் நல்லதற்கே.

ஆனாலும் பயம் என்று கேட்டால் என் ஓட்டு பழசுக்கு, சண்டையின் ருசி என்று கேட்டால் புதுசுக்கு. இரண்டையும் ஆடப் போகிறவர்கள் ஒரிஜினலை முதலில் ஆடுங்கள். ரீமேக்கில் கை பழகிவிட்டால் அந்த நகராத கால் வெறும் எரிச்சலாகத்தான் படும். மேலூர்த் தம்பிக்கு அதுதான் நடந்தது, ஷாட்கன்னை எடுப்பதற்குள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான். கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் 2007-ல் வந்த பதிப்பைத் தொடவே வேண்டாம், அதில் மவுஸால் குறிபார்க்கவே முடியாது. 2014-ல் வந்த அல்டிமேட் எச்டி எடிஷனைத் தேடி எடுங்கள்.