மூன்று வருடம், ஒரு பழைய லேப்டாப், நான்கு லினக்ஸ்

2022 தீபாவளி விடுமுறையில்தான் எங்கள் வீட்டு லேப்டாப்பில் முதன்முதலாக, விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸைப் போட்டேன். மூன்று வருடம் தாண்டிவிட்டது, இன்றும் அதே லேப்டாப்தான் ஓடுகிறது. என் மனைவி பினாங்கு பெருநிலத்தில், பிறைப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. கேள்வித்தாள், பாடத்திட்டம், மாணவர் புள்ளிகள் எல்லாம் அதில்தான். நிறுவியது நான், தினமும் பயன்படுத்துவது அவர். இது எவ்வளவு முக்கியமான விஷயம் என்று எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று.

லேப்டாப் 2015இல் வாங்கியது. 4 ஜிபி ராம், பழைய வகை ஹார்டு டிஸ்க், தனியாக ஒரு கிராபிக்ஸ் சிப். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை செயலியாவது இருக்க வேண்டும். இதில் இரண்டும் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 வரைதான் என்பதும் அப்போதே தெரிந்திருந்தது. கீபோர்டு, திரை எல்லாம் நன்றாக இருக்கும் மெஷினைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

பென்டிரைவில் போட்டு ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாக வந்தது. நிறுவி முடித்து மறுபடி திறந்தால் கறுப்புத் திரை. மின்விசிறி சுற்றுகிறது, ஹார்டு டிஸ்க் விளக்கு மினுக்குகிறது, திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் "லினக்ஸ் என் மெஷினுக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் சிஸ்டம் உள்ளே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் திறக்கும்போதே திரையின் அளவைத் தானே மாற்றியமைக்கப் பார்க்கும். கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஏற்றதாக இல்லையென்றால் அந்த நொடியில் படம் நின்றுவிடும்.

தீர்வு சின்னதுதான். எந்தச் சிஸ்டத்தைத் திறப்பது என்று கேட்டுத் தொடக்கத்தில் வரும் க்ரப் பட்டியலில் லினக்ஸ் வரிமேல் நின்று, கீபோர்டில் ஆங்கில 'ஈ' எழுத்தைத் தட்ட வேண்டும். பட்டியல் தானாக வராவிட்டால் ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்திப் பார்க்கலாம். பிறகு வரும் வரிகளில் 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போனால் 'குவயட் ஸ்பிளாஷ்' (quiet splash) என்ற இரண்டு சொற்கள் இருக்கும். அதற்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' (nomodeset) என்று சேர்த்து எஃப்10 தட்டினேன். திரையின் அளவை மாற்றாதே என்று கெர்னலுக்குச் சொல்லும் சொல் அது. எழுத்தெல்லாம் பெரிதாக, மங்கலாகத்தான் வந்தது, ஆனால் திரை வந்துவிட்டது. இந்த மாற்றம் ஒரு தடவைக்கு மட்டுமே. உள்ளே போனதும் டிரைவர் மேனேஜரில் சரியான டிரைவரைப் போட்டேன், அப்புறம் அந்தச் சொல் தேவைப்படவே இல்லை.

நம்பகமில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் வசதி இயங்கும் மெஷினில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிரைவர் போட்டபின் அடுத்த முறை திறக்கும்போது ஒரு நீலத் திரை வந்து, டிரைவர் போடும்போது கொடுத்த கடவுச்சொல்லைக் கேட்கும். அதைத் தாண்டிப் போனால் டிரைவர் ஏறாது. நான் தாண்டிப் போனேன், அதில் ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

வைஃபை சிப்புக்கும் டிரைவர் தனியாகத் தேவைப்பட்டது. டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும். கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் மாட்டி அதன் இணையத்தை லேப்டாப்புக்குத் தரும் 'யூஎஸ்பி டெதரிங்' போட்டதும் வேலை முடிந்தது. விண்டோஸையும் லினக்ஸையும் மாற்றி மாற்றித் திறந்தால் கடிகாரம் எட்டு மணி நேரம் தள்ளி நிற்கும். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. மலேசிய நேரம் எட்டு மணி முன்னால் இருப்பதால் சரியாக அந்த வித்தியாசம்தான் வரும். விண்டோஸ் வட்டில் எதையும் சேமிக்க முடியாமல் போனால் விண்டோஸுக்குள் போய் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்துங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுசாக மூடுவதில்லை.

சரி, எந்த டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸில் எந்த வகை? முதல் இரண்டு மாதத்தில் நான்கைப் போட்டுப் பார்த்தேன். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்து வருட ஆதரவு, எந்தச் சந்தேகத்துக்கும் எளிதில் பதில் கிடைக்கும். ஆனால் 4 ஜிபி ராமில் அதன் க்னோம் என்ற திரை அமைப்பு எனக்குக் கனமாகத் தெரிந்தது. ஃபெடோரா என் மனதுக்குப் பிடித்தது. புதிய கெர்னல் சீக்கிரம் வரும், எல்லாம் சுத்தமாக இருக்கும். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 மாத ஆதரவு. டெபியன் பாறை மாதிரி அசையாமல் நிற்கும். அப்போது வைஃபை போன்றவற்றின் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருளான ஃபர்ம்வேரைத் தனியாகத் தேட வேண்டியிருந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது நிறுவும் கோப்பிலேயே சேர்ந்து வருகிறது, ஆகவே டெபியனைப் பற்றிய பழைய பயம் இனி வேண்டாம். நான்காவது லினக்ஸ் மின்ட் 21, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரை அமைப்புள்ள பதிப்பு.

ஒவ்வொரு முறை மாற்றும்போதும் எனக்கு உற்சாகமாக இருந்தது. ஒரு ஞாயிறு இரவு, மறுநாள் பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய ஆண்டு 4 தமிழ்மொழித் தாளோடு மனைவி உட்கார்ந்தார். "என்னங்க, நேத்து இருந்த தமிழ் இன்னைக்கு எங்க போச்சு?" என்றார். அன்று காலையில்தான் டிஸ்ட்ரோவை மாற்றியிருந்தேன், கீபோர்டு அமைப்பைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். அந்தத் தாளை அவர் கைப்பேசியில் தட்டித்தான் முடித்தார். அன்றோடு மாற்றுவதை நிறுத்தினேன். அப்போது இருந்தது மின்ட், அதுவே நிலைத்தது. யார் தினமும் உட்காரப் போகிறாரோ அவருக்காகத்தான் டிஸ்ட்ரோ என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

தமிழ் வேலைக்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள், எந்த டிஸ்ட்ரோ என்றாலும் இது பொருந்தும். தட்டச்சு மென்பொருளான ஐபஸ், அதோடு மொழிகளுக்கான தட்டச்சு முறைகள் உள்ள எம்17என் தொகுப்பு இரண்டையும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை, ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவைக்கும் ஒலிபெயர்ப்பு முறை இரண்டும் வந்துவிடும். எனக்குத் தமிழ்99, அவருக்கு ஒலிபெயர்ப்பு.

எங்களை அதிகம் படுத்தியது எழுத்துரு. பள்ளியிலிருந்து வரும் வேர்டு கோப்புகள் பெரும்பாலும் லதா எழுத்துருவில் இருக்கும். அது விண்டோஸோடு வருவது, லினக்ஸில் இருக்காது. வேர்டு இடத்தில் நாங்கள் பயன்படுத்தும் லிப்ரே ஆபிஸ், லதாவுக்குப் பதிலாக வேறொன்றைப் போட, அகலம் மாறி, இரண்டு பக்கத் தாள் மூன்று பக்கமாகிவிடும். கேள்வி ஒரு பக்கத்தில், விடை எழுதும் கோடு அடுத்த பக்கத்தில். இன்னொரு விசித்திரமும் உண்டு. பாணியில் (ஸ்டைல்) எழுத்தின் அளவை 14 என்று வைத்தால் எண்கள் மட்டும் பெரிதாகும், தமிழ் எழுத்து அப்படியே சிறிதாக நிற்கும். லிப்ரே ஆபிஸ் தமிழை 'சிக்கலான எழுத்து' வகையில் சேர்த்து, அதற்குத் தனி எழுத்துரு, தனி அளவு வைத்திருக்கிறது. அமைப்புகளில் மொழிகள் பகுதிக்குப் போய் அந்த வகையை இயக்கினால்தான் பாணிகளில் தமிழுக்கான கட்டம் தெரியும். இப்போது புதிய தாள்கள் எல்லாம் நோட்டோ சான்ஸ் தமிழில். பள்ளிக்குப் போவது பிடிஎஃப், அதனால் பக்கம் கலைவதில்லை.

அடுத்த வருடம் கொம்தாரில் ஒரு கடையில், பழைய ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான வட்டான எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபி ராமும் வாங்கி மாட்டினேன். உண்மையைச் சொன்னால், நான்கு டிஸ்ட்ரோ மாற்றியதில் கிடைக்காத வேகம் அந்த எஸ்எஸ்டியில் கிடைத்தது. 2024 வருடக் கடைசியில் மின்ட் 22க்கு ஏற்றினேன். முன்னதாக டைம்ஷிஃப்ட் என்ற நகலெடுக்கும் மென்பொருளில் ஒரு நகல் எடுத்து வைத்தேன். ஆனால் டைம்ஷிஃப்ட் இயல்பாக சிஸ்டம் கோப்புகளை மட்டுமே எடுக்கும், கேள்வித்தாள்கள் இருக்கும் ஹோம் கோப்புறையை எடுக்காது. அதை வாரம் ஒருமுறை வெளி வட்டில் தனியாக நகலெடுக்கிறேன்.

இப்போது யாராவது கேட்டால் நிறுவுவதற்கு முன்பு பென்டிரைவிலேயே ஒரு மாலை முழுக்க ஓட்டச் சொல்கிறேன். வைஃபை, ஒலி, திரை வெளிச்ச விசை, பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் மைத்துனருடைய புதிய லேப்டாப் மின்ட்டில் மூடியபின் விழிக்கவே இல்லை. ஃபெடோராவின் புதிய கெர்னலில் உடனே விழித்தது. அதனால் அதில் ஃபெடோராதான் போட்டுக் கொடுத்தேன். அதன் ஆதரவுக் காலம் முடியப்போகிறது, அடுத்த பள்ளி விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போகும்போது புதிய பதிப்புக்கு ஏற்ற வேண்டும்.