முதலில் திருமணப் பேச்சா, சுவிசேஷமா?

திருமணமாகாமல் சேர்ந்து வாழும், விசுவாசத்துக்குள் வராத ஒரு ஜோடி ஆராதனைக்கு வருகிறார்கள். 'கல்யாணம் செய்யுங்கள், இல்லையேல் பிரிந்திருங்கள்' என்று போதகர் உடனே சொல்வது ஒரு வழி. ஒளிவுமறைவு இல்லை, சரி. ஆனால் கிறிஸ்துவையே அறியாதவர்களிடம் சீடர்களுக்குரிய ஒழுக்கத்தைக் கேட்கிறோம். சபைக்குப் புறம்பே இருப்பவர்களை நியாயந்தீர்ப்பது தன் வேலையல்ல என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 5:12).

இன்னொரு வழி, முதலில் சுவிசேஷம்; உறவைப் பற்றிய பேச்சு ஞானஸ்நானத்துக்கு முன். யோவான் 4-இல் சமாரியப் பெண்ணிடம் ஜீவத்தண்ணீரைப் பற்றிப் பேசிய பிறகே, இப்போது உடனிருப்பவன் அவளுக்குப் புருஷன் அல்ல என்கிறார் இயேசு. சொல்லாமல் விடவில்லை, கவனியுங்கள். நம் சபைகளோ தள்ளிப்போட்டே மறந்துவிடும். அப்புறம் ஞானஸ்நானம் கேட்கும்போது திடீரென்று சொன்னால், ஏமாற்றியதாகவே நினைப்பார்கள். தங்கள் உறவைப் பற்றி அவர்களாகக் கேட்கும் அன்றே மழுப்பாமல் பதில் சொல்வதானால், என் ஓட்டு இரண்டாவதுக்கே. பிள்ளைகளும் இருந்தால், 'பிரிந்திருங்கள்' என்பதை அவசரப்பட்டுச் சொல்லவே கூடாது.